தொகை சரி, தேதி?

பாஸ்புக்கைக் கையில் வாங்கினால் எல்லோர் கண்ணும் போவது கடைசி வரியில் இருக்கும் இருப்புக்குத்தான். ஓர் அரசுக் கலைக் கல்லூரியின் அலுவலக ஜன்னல் முன்னால் வரிசையில் நின்ற முதலாண்டு மாணவி தன் பாஸ்புக்கை விரித்தபோது நாமும் அதைத்தான் பார்த்தோம். அவர் விரல் வைத்தது இடது ஓரத்தில், தேதி கட்டத்தில். கல்லூரி திறந்தது ஜூலையில். மாதம் ஆயிரம் ரூபாயின் முதல் வரவு அக்டோபரில். கல்வி உதவித்தொகை வந்தது மார்ச்சில். அதற்குள் ஒரு செமஸ்டர் தேர்வு முடிந்து, அடுத்த தேர்வுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. "வராம இல்ல சார், எல்லாம் வந்துருச்சு. வேணுங்கிறப்பதான் வரல" என்றார்.

கிராமத்துப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் அரசு செய்யும் செலவைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் தொகையைப் பற்றியது. இவ்வளவு கோடி கொடுக்கிறார்களே, இன்னும் என்ன குறை என்பார் ஒருவர். இது யானைப்பசிக்குச் சோளப்பொரி என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பணம் எந்தச் செலவுக்கு வருகிறது, யார் கைக்கு வருகிறது, எப்போது வருகிறது என்பதை இருவருமே கேட்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு அது மட்டும்தான் கேள்வி.

முதலில் நிலவரம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல், பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயதுள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இது பெருமைக்குரிய எண்தான். ஆனால் சராசரி என்பது கோயம்புத்தூரையும் கல்வராயன் மலையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது. பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

உள்ளே வருபவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணமே கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் மாணவர்களுக்கும் அது வந்தது.

புதுமைப் பெண் திட்டத்தின் முன்கதையைச் சொல்லியாக வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்தது திருமண உதவித் திட்டம். ஊர் அதைத் 'தாலிக்குத் தங்கம்' என்றே அழைத்தது. கடைசி ஆண்டுகளில் எட்டு கிராம் தங்கத்தோடு, படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாய். அதைத்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். கல்யாணத்துக்கு வந்த பணம் கல்லூரிக்கு வந்தது நல்ல மாற்றம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. தங்கம் அந்த வீட்டைவிட்டு எங்கே போகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இத்தனை இருந்தும் விடுபடுபவர்கள் யார்? கிராமத்தில் எல்லோரும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் அல்ல. வட்டி வாங்கியாவது பிள்ளையைப் பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட குடும்பங்கள் ஏராளம். கையில் காசு தட்டுப்பட்டதும் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றியிருப்பார்கள். ஆறு முதல் பன்னிரண்டு என்ற தொடர்ச்சி அறுந்துவிட்டதால் ஆயிரமும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்தவர்களுக்குத்தான் விலக்கு. மாத ஆயிரத்துக்கு மட்டும், பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் கிடையாது. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டிய கிராமத்துப் பெண்ணுக்கு அதுதான் கைக்கெட்டும் வழி. முதல் பட்டதாரிச் சலுகை என்றதும் வீட்டில் முதலில் படிக்கும் எல்லோருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால்தான் அது செல்லும். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். அண்ணன் அதை வாங்கிவிட்டு இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டால் தங்கையின் பாடு திண்டாட்டம்தான்.

இப்போது பணம் வரும் பாதைக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் இருக்கிறது. நாட்டின் பழைய கல்வி உதவிகளில் ஒன்று. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை அதன் முறையை மாற்றியது. செலவில் அறுபது சதவீதம் ஒன்றிய அரசு, நாற்பது சதவீதம் மாநிலம். மாநிலம் சரிபார்த்துத் தன் பங்கைப் போட்ட பிறகு, ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். முன்பு பணம் கல்லூரிகள் வழியாகப் போய் நடுவில் கரைந்த கதைகள் உண்டு. அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் விளைவைப் பாருங்கள். கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணம் மாணவியின் கணக்கில் வந்து விழுகிறது. அதே வாரத்தில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அல்லது மழையில் கூரை இறங்கிவிட்டது. அந்த வீடு அதுவரை கண்ணால் பார்த்திராத தொகை அங்கே இருக்கிறது. எடுத்துச் செலவழித்தால் அது மோசடியா? சட்டப்படி தவறு. அந்த இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். கல்லூரியோ கட்டண பாக்கி என்று பெயர்ப் பட்டியலை ஒட்டுகிறது. பணம் தாமதமாக வந்தால் படிப்புக்கு இடைஞ்சல், வந்த நேரம் பொல்லாததாக இருந்தாலும் இடைஞ்சல்.

உதவித்தொகைக்கான வருமான வரம்பும் ஒரு சிக்கல். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்பது மாதத்துக்கு 20,833 ரூபாய். அப்பா ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி, அம்மா ஒரு மில்லில் ஹெல்பர் என்றால் இருவர் சம்பளச் சீட்டையும் கூட்டும்போதே வரம்பு தாண்டிவிடும். பத்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. சான்றிதழில் வருமானம் எழுபத்திரண்டாயிரம் என்று வாங்கிவிடலாம். சீட்டு இருப்பவர் மாட்டிக்கொள்கிறார்.

அடுத்தது ஆதார். "ஆதாரை பேங்க்ல குடுத்துட்டேனே" என்று மாணவர்கள் சொல்வதும், "சீடிங் ஆகல" என்று அலுவலகம் சொல்வதும் தினசரி நாடகம். இரண்டும் வேறு. வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது அடையாளத்துக்கு. சீடிங் என்பது, இந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்த வங்கிக்குப் போகட்டும் என்று தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் பதிவேட்டில் குறிப்பது. ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எதில் இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். பத்தாம் வகுப்பில் பள்ளி ஒரு கணக்குத் திறந்துகொடுத்தது. பிறகு தபால்காரர் விரல்ரேகை வாங்கிக்கொண்டு அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியில் ஒன்று திறந்தார். பணம் தபால்காரர் திறந்த கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். பெண் பழைய பாஸ்புக்கை வாரம் ஒருமுறை பதிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். இதைச் சொல்லித்தர ஒவ்வொரு கல்லூரியிலும் ஜூன் மாதத்தில் ஒருவர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும்.

கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவுதான் இன்னும் பெரியது. அதில் தலையானது எந்த ரசீதிலும் வராதது: படிக்கப் போனதால் வராமல் போன கூலி. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் அந்தக் கணக்கில் மூன்று நாள் கூலி. சித்தாள் வேலையோடு ஒப்பிட்டால் அதுவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரம் திண்டுக்கல், ஈரோடு பக்கத்துப் பஞ்சாலைகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஊருக்குள் வந்துவிடுவார். முன்பணம் கையில், வேன் வாசலில், தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கல்லூரி விண்ணப்பத்துக்கோ வருமானச் சான்று, சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ், இணையப் பதிவு, தரவரிசைப் பட்டியல், பிறகு காத்திருப்பு. மில்காரர்கள் தேதியை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்.

பன்னிரண்டு முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. வங்கி, வட்டாட்சியர் அலுவலகம், கல்லூரி என எல்லோரையும் ஒரே பந்தலில் உட்கார வைப்பது நல்ல யோசனை. பந்தல் போடுவதற்குள் வேன் போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தூரமும் செலவுதான். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் (விடியல் பயணம்) 2021 மே முதல் இருக்கிறது. ஆனால் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில். கிராமத்திலிருந்து தாலுகா தலைநகருக்கு வரும் தனியார் மினி பஸ்ஸில் பாஸும் செல்லாது, விடியல் பயணமும் கிடையாது. மாலை ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டே முக்கால் என்றால், செய்முறை வகுப்பு உள்ள பாடத்தை வீட்டில் யாரும் எடுக்க விடமாட்டார்கள். வேதியியலா வரலாறா என்பதைப் போக்குவரத்துக் கழகத்தின் நேர அட்டவணை தீர்மானிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். விடுதி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அரசு நலத்துறைகளின் கல்லூரி விடுதிகளில் உணவுப் படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு ஐம்பது ரூபாய். 2025இல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். ஐம்பது ரூபாய்க்குள் முட்டை, பயறு, காய்கறி எல்லாம் கொண்டுவர வேண்டிய விடுதிக் காப்பாளரிடம் பெயரைப் பற்றிக் கருத்துக் கேட்பதில் பயனில்லை.

பிள்ளையைக் கல்லூரிக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகக் கல்லூரியைக் கிராமத்துக்குக் கொண்டுவரும் யோசனை புதிதல்ல. இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் குழு 1949லேயே ஊரகப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தது. அந்த வழியில் 1956இல் சின்னாளப்பட்டி அருகே ஜி. இராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் தொடங்கியதுதான் காந்திகிராம கிராமிய நிறுவனம். அது இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த மாதிரி மாவட்டத்துக்கு ஒன்றாகப் பெருகவில்லை. தாலுகாதோறும் நாம் திறந்தது வழக்கமான பி.ஏ., பி.காம். கல்லூரிகளைத்தான்.

கடனைப் பற்றிச் சுருக்கமாக. கல்விக் கடன் நான்கு லட்சம் வரை ஜாமீனோ அடமானமோ கேட்கக் கூடாது என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே உள்ளது. 2015 முதல் ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு, நிலுவையில் எழுபத்தைந்து சதவீதத்துக்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி இன்னும் தாராளமானது. ஆனால் தரவரிசையில் முன்னணியிலுள்ள நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) இடம் பெற்றவர்களுக்கு மட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் வரும் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு அந்தப் பட்டியலோடு சம்பந்தமில்லை. கடன் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அல்ல, யாரிடமிருந்து திரும்பி வருமோ அவருக்கு என்பது வங்கித் தொழிலின் இயல்பு. கல்விக்கான பொதுப்பணத்தை அந்தக் கணக்கில் மட்டுமே ஓட்டுவது சரியல்ல என்பது நம் எண்ணம்.

தொழிற்பயிற்சியில் பணம் ஓடும் திசை வேறு. கல்லூரி உதவித்தொகை மாணவரைத் தேடி வருகிறது. குறுகியகாலப் பயிற்சிக்கான பணம் பயிற்சி நிறுவனத்துக்குப் போகிறது, தலைக்கு இவ்வளவு என்று. 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்தியாய ஊரகத் திறன் திட்டத்தில் பயிற்சி பெறுபவர்களில் குறைந்தது எழுபது சதவீதத்தினருக்கு வேலை வாங்கித்தர வேண்டும், பணமும் தவணை தவணையாகத்தான். காகிதத்தில் இது கறாரான விதி. களத்தில் என்ன ஆகிறதென்றால், எங்கே ஆள் அதிகம் வேண்டுமோ அந்தத் தொழிலைத்தான் நிறுவனம் கற்றுத்தரும்: தையல் இயந்திர ஆபரேட்டர், கடையில் விற்பனை, டேட்டா என்ட்ரி. பையன் இராமநாதபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிறான், எட்டுப் பேர் தங்கும் அறையில் படுக்கிறான், நான்காவது மாதம் ஊருக்குத் திரும்பிவிடுகிறான். வேலை கிடைத்தது என்ற கணக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு முடிந்துபோயிருக்கும்.

இதற்கு மாறான முயற்சி ஒன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தர்மஸ்தல வீரேந்திர ஹெக்கடே இரண்டு வங்கிகளோடு சேர்ந்து தொடங்கிய சுயதொழில் பயிற்சி மையம், இன்று மாவட்டந்தோறும் இருக்கும் ஆர்செட்டி என்ற ஊரக சுயதொழில் பயிற்சி நிறுவனங்களுக்கு முன்மாதிரி. மாவட்டத்தின் முன்னோடி வங்கி ஆர்செட்டியை நடத்துகிறது. சில வாரப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஆடு வளர்ப்பு, செல்போன் பழுது நீக்கம், ஆரி வேலை, அழகுக்கலை என்று உள்ளூரில் விலைபோகும் தொழில்கள். முக்கியமானது, பயிற்சி பெற்றவரை அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பும் மையத்துக்கு உண்டு. கடன் கொடுக்கும் வங்கியே கற்றும் தருவதால் ஆள் எங்கே போனார் என்பதில் அதற்கு அக்கறை இருக்கிறது.

ஐடிஐக்கள் இந்த இரண்டுக்கும் நடுவில். 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் வேலையைத் தமிழ்நாடு கையில் எடுத்தது. ஜமுனாமரத்தூர், கருமந்துறை, கொல்லிமலை என மலையூர்களிலும் பழங்குடி மாணவர்களுக்கான ஐடிஐக்கள் இருக்கின்றன. ஒரு சிஎன்சி இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தால் நிதியின் இன்னொரு முகம் புரியும். இயந்திரம் ஒருமுறைச் செலவு. ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். அதில் பிடித்துக் கடைய இரும்புத் தண்டு வேண்டும், டூல் தேயும், கூலன்ட் தீரும், மின்சாரக் கட்டணம் ஏறும், சொல்லித்தரும் பயிற்றுநருக்கு மாதாமாதம் சம்பளம். இந்தச் சில்லறைச் செலவுக்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஒரு பயிற்சியாளன் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் இயந்திரத்தைத் தொட்டான் என்பதை அந்தச் சில்லறைதான் தீர்மானிக்கிறது.

ஐடிஐ முடித்தவருக்கு அடுத்த படி அப்ரண்டிஸ். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை தொழில்பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அவர்களின் உதவித்தொகையில் கால்பங்கை, 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்கிறது. ஓசூரில் வீடு இருப்பவனுக்கு இது சம்பாத்தியம். சிவகங்கைக்காரனுக்கு அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும். ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அதே சட்டம், அதே தொகை. வெளியூர்ப் பையனுக்குத் தங்குமிடப் படி என்று தனியாக ஒன்று சேர்த்தால்தான் இருவருக்கும் அது சமமாகும்.

பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஒரு பழைய கணக்கை நினைவூட்டலாம். வரி கட்டும் ஒவ்வொருவரிடமும் இடைநிலை, உயர்கல்விக்கென்று செஸ் வசூலித்தார்கள். 2006-07 முதல் 2016-17 வரை அப்படிச் சேர்ந்தது 83,497 கோடி ரூபாய். அதற்கென்று தனி நிதியம்கூட ஏற்படுத்தவில்லை என்று தணிக்கைத் துறைத் தலைவரின் 2017 அறிக்கை சொன்னது. நிதியத்துக்கு ஒப்புதல் வந்ததே 2017 ஆகஸ்டில்தான். செஸ் என்பது மாநிலங்களோடு பங்கிட வேண்டாத வரி என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கோடிகளைக் கேட்பதற்கு முன், இருப்பதை முன்கூட்டிக் கொடுக்கலாம். அரசுப் பள்ளி மாணவியின் ஆறாம் வகுப்பிலிருந்தான வரலாறு, சாதி, வங்கிக் கணக்கு எல்லாம் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் மே மாதத்திலேயே யார் தகுதியுள்ளவர் என்பது அரசுக்குத் தெரியும். பிறகு கல்லூரியில் உள்ள யுமிஸ் தளத்தில் அதையெல்லாம் மறுபடி ஏற்றி, மறுபடி சரிபார்த்து, மறுபடி காத்திருக்க வைப்பது ஏன்? சேர்க்கை உறுதியான அன்றே மூன்று மாதத் தொகையை முன்பணமாகப் போட்டுவிட்டு, சரிபார்ப்பைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். சேராமல் போனவர்களிடம் கொஞ்சம் பணம் போகும், போகட்டும். வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதிதாகக் கேட்காமல், படிப்பு முடியும்வரை ஒரே சான்று செல்லும் என்று ஆக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை.

அந்த மாணவி கிளம்பும்போது பாஸ்புக்கைத் திரும்பவும் பிளாஸ்டிக் கவரில் வைத்தார். அதில் மாற்றுச் சான்றிதழ் நகல், சாதிச் சான்று, வருமானச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் ரசீது ஒன்று. அம்மாவின் தோடு, கால் பவுனுக்குக் கொஞ்சம் கூட. வைத்தது ஜூன் மாதம், சேர்க்கைக்கு முந்தைய நாள். மார்ச்சில் உதவித்தொகை வந்ததும் மீட்கப் போயிருக்கிறார்கள். ஒன்பது மாத வட்டி எவ்வளவு ஆனது என்று கேட்டோம். ரசீதின் பின்பக்கம் பென்சிலில் போட்டு வைத்திருந்த கணக்கைக் காட்டினார்.